எலிகள் தந்த பெயர், பூனைகள் காட்டிய மீட்சி

'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லுக்கு, இன்று நாம் அதைப் புழங்கும் பொருளில், ஒரு பிறந்த ஊர் உண்டென்றால் அது மாண்ட்ரியல்தான். டவுன்டவுனில் ஷெர்புரூக் தெருவை ஒட்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது மெக்கில் பல்கலைக்கழகம். அங்கிருந்து 1936இல் லண்டனுக்கு ஓர் ஆய்வுக் கடிதம் போனது. ஜூலை 4ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் அந்தக் கடிதத்தை எழுதியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, பிராகில் மருத்துவம் படித்து, 1932இல் மெக்கிலுக்கு வந்தவர். கடிதம் வெளியானபோது அவருக்கு வயது 29.

அந்த வளாகத்திலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடத்தில் எட்டிவிடக்கூடிய அலுவலகக் கோபுரங்களில்தான் நான் பதினைந்து ஆண்டுகளாகத் தகவல் தொழில்நுட்ப ஆலோசகராக வேலை பார்க்கிறேன். முதுகலைப் படிப்புக்காக வந்தேன். படிப்பு முடிந்தும் ஊர் என்னை விடவில்லை. எங்கள் அலுவலகங்களில் ஒரு நாளில் அதிகம் காதில் விழும் சொல் எது என்று கணக்கெடுத்தால் 'டெட்லைன்' முதலிடம் பிடிக்கும், 'ஸ்ட்ரெஸ்' இரண்டாமிடத்தில் வரும். பக்கத்துத் தெருவில் உருவான சொல்லைத்தான் இத்தனை காலமாகச் சுமந்து திரிந்தோம் என்று தெரிந்தது, எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்த பிறகுதான். அந்தப் பூனையின் ஒரு குணம் என்னை இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கவைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கப் படிக்கத் தெரிந்தது, இந்த வரலாற்றில் இரண்டு பிராணிகள் இருக்கின்றன என்பது. ஒன்று எலி, மற்றொன்று பூனை. மாண்ட்ரியல் எலிகளால் நமக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பே பாஸ்டனில் சில பூனைகள் இந்த விஷயத்தின் இரண்டு பாதிகளையும் காட்டியிருந்தன. பதற்றம் ஏறுவது ஒரு பாதி, இறங்குவது மறுபாதி. உலகம் முதல் பாதியை எடுத்துக்கொண்டது. மறுபாதியைத் திரும்பக் கண்டெடுக்க வெகுகாலம் ஆயிற்று.

*

ரான்ட்கென் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். மறு ஆண்டே ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் மாணவர் ஒருவர் அந்தக் கதிர்களைக் கொண்டு உணவு எப்படி உடலுக்குள் இறங்குகிறது என்று பார்க்க ஆரம்பித்தார். அவர் பெயர் வால்டர் கேனன். முதலில் வாத்துகளைப் பார்த்தார். கழுத்து நீளம் என்பதால் விழுங்குவது நன்றாகத் தெரியும். பிறகு பூனைகளுக்கு வந்தார். எக்ஸ்ரேயில் நிழல் விழுவதற்காகப் பிஸ்மத் உப்பைக் கலந்த உணவைக் கொடுத்து, பூனையைத் தாங்கியில் படுக்கவைத்து, ஒளிரும் திரையில் அதன் இரைப்பை அலை அலையாகச் சுருங்குவதை மணிக்கணக்காகக் கவனித்தார்.

சில பூனைகளிடம் அந்த அலைகளே இல்லை. பெரும்பாலும் ஆண் பூனைகள். கட்டிவைத்தது பிடிக்காமல் திமிறிக்கொண்டே இருந்தவை. சாதுவாகப் படுத்திருந்த பெண் பூனைகளிடம் அலைகள் ஒழுங்காக ஓடின. ஒருமுறை, அப்படிச் சாதுவாகப் படுத்திருந்த ஒரு பெண் பூனைக்குத் திடீரென்று என்ன தோன்றியதோ, மூச்சு வேகமெடுத்து, விடுபடப் போராட ஆரம்பித்தது. அந்தக் கணமே இரைப்பையின் அசைவு முற்றிலும் நின்றுபோயிற்று. கேனன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பூனையை ஆறுதலாகத் தடவிக்கொடுத்தார். சற்று நேரத்தில் அது அடங்கி, குறுகுறுவென்று உறுமத் தொடங்கியது. உடனே இரைப்பையில் அலைகள் மறுபடி ஓடின.

1898இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. பயம் வயிற்றைக் கட்டும் என்பது நம் பாட்டிமார் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனம் கலங்கினால் குடல் நிற்கிறது என்பதை உயிருள்ள உடலுக்குள் கண்ணால் கண்டு எழுதிய முதல் பதிவுகளில் ஒன்று இது. அதே பதிவில்தான் தடவிக்கொடுத்த கையும் இருக்கிறது, மறுபடி ஓடிய அலையும் இருக்கிறது. நோயும் மருந்தும் ஒரே பத்தியில்.

கேனன் முதல் பாதியைத் தொடர்ந்தார். 1911இல் அவரும் டேனியல் டி லா பாஸும் கூண்டிலிருந்த பூனையின் முன்னால் ஒரு நாயைக் குரைக்கவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் பூனையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பின்னால் எடுத்த ரத்தத்தில் அட்ரினல் சுரப்பியின் சுரப்பு தெரிந்தது. பயந்த பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. மனிதர்களிடமும் இப்படியா என்று பார்க்க, ஹார்வர்ட் கால்பந்து அணியின் 25 பேரை ஒரு முக்கியமான போட்டிக்குப் பின் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐந்து பேர் களத்தில் இறங்கவே இல்லை. கூப்பிட்டால் போகவேண்டும் என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாற்று வீரர்கள்.

இந்த ஐந்து பேரைப் பற்றிப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எங்கள் தொழிலில் 'ஆன்-கால்' என்று ஒரு முறை உண்டு. உங்கள் வாரம் வந்தால் இரவு எந்நேரமும் தொலைபேசி அடிக்கலாம். ஏதோ ஒரு வங்கியின் சர்வர் விழுந்திருக்கும். பெரும்பாலான இரவுகளில் அடிக்காது. அடிக்காத இரவுகளிலும் தூக்கம் வராது. களத்தில் இறங்காதவனின் ரத்தத்திலும் சர்க்கரை ஏறும் என்பதற்கு நூறாண்டுக்கு முந்தைய சாட்சி இருக்கிறது.

இவற்றையெல்லாம் தொகுத்துக் கேனன் 1915இல் ஒரு நூல் எழுதினார். அபாயம் வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்ற கருத்து அங்கிருந்துதான் உலகெங்கும் போனது. தயாராவதில் தவறொன்றும் இல்லை என்பதையும் அவருடைய பூனைகளே காட்டின. 1920களின் இறுதியில் சில பூனைகளின் பரிவு நரம்புத் தொடர்களை முழுவதுமாக அறுவைசெய்து எடுத்துவிட்டார்கள். பதறுவதற்கான கம்பிகளே இல்லாத பூனைகள் அவை. ஆய்வுக்கூடத்தின் கதகதப்பில் அவை நிம்மதியாகவே வாழ்ந்தன. குளிரில் விட்டபோது மயிர் சிலிர்க்கவில்லை, உடல் சூட்டைக் காக்க முடியவில்லை. ஜனவரி மாதத்தில் மாண்ட்ரியல் தெருவில் நடந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பதறவே தெரியாத உயிர் பத்திரமான அறைக்குள் மட்டுமே பிழைக்கும்.

*

இனி மாண்ட்ரியலுக்கு வருவோம். மெக்கிலின் உயிர்வேதியியல் துறையில் செல்யே தேடியது வேறு எதையோ. சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றி, ஒரு புதிய ஹார்மோனைக் கண்டுபிடிக்க முயன்றார். எலிகளின் அட்ரினல் சுரப்பி வீங்கியது, தைமஸ் சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தார். ஆனால் வேறு உறுப்புகளின் சாற்றை ஏற்றினாலும் அதே மூன்று விளைவுகள். வெறும் ஃபார்மலினை ஏற்றினாலும் அதேதான். குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவைத்தாலும், அறுவைக் காயம் ஏற்படுத்தினாலும் மாற்றமில்லை. ஹார்மோன் கனவு கலைந்தது. மிஞ்சிய கேள்விதான் பெரிது: தீங்கு எதுவாக இருந்தாலும் உடல் ஏன் ஒரே மாதிரி பதில் சொல்கிறது?

அந்தப் பதிலுக்கு அவர் மூன்று கட்டங்கள் வகுத்தார். முதலில் அபாயமணி, அடுத்து எதிர்த்து நிற்றல், தீங்கு ஓயாமல் தொடர்ந்தால் கடைசியில் களைத்து விழுதல். இந்தப் பாதையில் வீடு திரும்புவதற்கென்று தனியாக ஒரு கட்டம் இல்லை. அவருடைய சோதனை அப்படி அமைந்திருந்தது. எலிக்கு ஊசி தொடர்ந்துகொண்டே இருந்தது. யாரும் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு அடுத்து என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை.

1936ஆம் ஆண்டுக் கடிதத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்ற பெயர் கிடையாது. அது பிறகுதான் நிலைபெற்றது. 1945இல் செல்யே மலையின் மறுபக்கம் இருக்கும் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்கு மாறி, தனக்கென ஓர் ஆய்வு நிறுவனத்தை நடத்த ஆரம்பித்தார். மறு ஆண்டு பாரிஸில் உரையாற்றப் போனபோது பிரெஞ்சில் இணைச் சொல் கிடைக்காமல் திண்டாடி, கடைசியில் ஆங்கிலச் சொல்லையே ஆண்பாலாக்கி 'லு ஸ்ட்ரெஸ்' என்று ஏற்றுக்கொண்ட கதையை அவரே எழுதியிருக்கிறார். மொழிக்காக அத்தனை போராடும் இந்தக் கியூபெக்கிலும் இன்றுவரை அது 'லு ஸ்ட்ரெஸ்'தான்.

அந்தப் பெயரே சற்று இடறியது. இயற்பியலில் 'ஸ்ட்ரெஸ்' என்பது பொருளின் மீது செலுத்தும் விசையோடு சேர்ந்தது. அதனால் பொருளில் ஏற்படும் மாற்றம் 'ஸ்ட்ரெய்ன்'. உடலில் ஏற்படும் மாற்றத்தைத்தான் செல்யே சொல்லவந்தார். தனக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் 'ஸ்ட்ரெய்ன்' என்றே வைத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் சொன்னதுண்டு.

தமிழ்வழியில் இயற்பியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் வேறொன்றும் நினைவுக்கு வரும். நம் பள்ளிப் பாடநூலில் 'ஸ்ட்ரெஸ்' என்பது தகைவு, 'ஸ்ட்ரெய்ன்' என்பது திரிபு. அந்தப் பாடத்தின் மையச் சொல் இவை இரண்டும் அல்ல, மீட்சி. விசையை எடுத்ததும் பொருள் பழைய வடிவுக்குத் திரும்புகிறதா, எந்த எல்லைவரை திரும்பும் என்பதுதான் பாடமே. மனத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தபோது நாம் 'மன அழுத்தம்' என்றோம். பேச்சில் 'டென்ஷன்' என்றோம். ஒன்று அமுக்குவது, மற்றது இழுப்பது. மீட்சி மட்டும் பாடநூலிலேயே தங்கிவிட்டது. இன்று தமிழில் 'மன அழுத்தம்' என்றால் வேலைப்பளுவா, மருத்துவர் கவனிக்கவேண்டிய மனச்சோர்வா என்றுகூடப் பிரித்தறிய முடியவில்லை.

பெயர் பரவியதும் அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆளும் வந்தார்கள். சிகரெட் நிறுவனங்கள் செல்யேவின் ஆய்வுக்குப் பணம் கொடுத்தன. 1969இல் கனடிய நாடாளுமன்றக் குழுவொன்று புகைபிடித்தலைப் பற்றி விசாரித்தபோது, மன அழுத்தத்திலிருந்து விடுபடச் சிகரெட்டும் ஒரு வழி என்ற தோரணையில் அவர் சாட்சியம் அளித்தார். பண உறவின் முழு விவரமும் பல பத்தாண்டுகள் கழித்து, அந்த நிறுவனங்களின் உள் ஆவணங்கள் வெளியானபோதுதான் தெரிந்தது. அவருடைய அறிவியல் பங்களிப்பை இது அழித்துவிடாது. ஆனால் ஒரு வெற்றிடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது. எப்படி ஏறுகிறது என்று மட்டும் சொல்லி, எப்படி இறங்கும் என்று சொல்லாமல் விட்டால், அந்த இடத்தில் யாராவது கடை விரிப்பார்கள். அன்று சிகரெட். இன்று செயலிகள், மாத்திரைகள், மாதச் சந்தா.

*

இறங்கும் பாதியையும் பூனைகளே காட்டின என்றேன். சூரிச்சில் வால்டர் ஹெஸ் என்ற உடலியலாளர் 1920களிலிருந்து பூனைகளின் மூளைக்குள் மெல்லிய கம்பிகளைச் செருகி, அவை விழித்து நடமாடும்போதே சிறிதளவு மின்சாரம் செலுத்திப் பார்த்தார். ஹைபோதலாமஸில் ஓரிடத்தைத் தூண்டினால் பூனை மயிர் சிலிர்த்து, சீறி, பாய வந்தது. வேறோர் இடத்தைத் தூண்டினால் அதே பூனை அமைதியாகி, படுக்க இடம் தேடி, சுருண்டு படுத்துத் தூங்கியது. 1949இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செலவழிக்க ஓர் அமைப்பு இருப்பதுபோலச் சேமிக்கவும் ஓர் அமைப்பு உடலுக்குள்ளேயே இருக்கிறது என்பது இதன் சாரம். அமைதி என்பது பதற்றம் தீர்ந்தபின் மிஞ்சும் வெறுமை என்று நாம் நினைக்கிறோம். அதற்கும் தனியாக நரம்புகள் உண்டு, அதுவும் ஒரு செயல்.

ஹெஸ்ஸின் இந்தக் கண்டுபிடிப்பைத்தான் 1970களில் ஹெர்பர்ட் பென்சன் பிடித்துக்கொண்டார். கேனன் பணியாற்றிய அதே ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் இதய மருத்துவர் அவர். தியானம் செய்பவர்களை உட்காரவைத்து, அவர்களுடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் அளந்தார். கேனன் சொன்ன பதற்றத்துக்கு நேர் எதிரான ஓர் ஆசுவாச எதிர்வினை மனித உடலிலும் உண்டு என்று 1975இல் நூல் எழுதினார். நம் ஊரில் மூச்சைக் கவனி என்று காலங்காலமாகச் சொன்னதுதான். அளந்து காட்டியதும் உலகம் கேட்டது.

ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த வரலாறு நேர்மையாக இருக்காது. கேனனின் தாங்கியிலும் ஹெஸ்ஸின் கம்பிகளிலும் செல்யேவின் கூண்டுகளிலும் இருந்தவை எதுவும் விரும்பி வந்தவை அல்ல. நாம் நிம்மதியைப் பற்றி அறிந்ததில் பெரும்பகுதி அவற்றின் நிம்மதியைக் கெடுத்துப் பெற்றது.

*

எங்கள் பூனை வந்த கதை மாண்ட்ரியலின் வழக்கமான கதை. இங்கே பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் 30இல் முடிகின்றன. ஜூலை 1 அன்று ஊரே வீடு மாறும். தெருவெல்லாம் மெத்தைகளும் குளிர்பதனப் பெட்டிகளும். பூனைக்கு அனுமதியில்லாத வீட்டுக்குப் போகிறவர்கள் பூனையை என்ன செய்வது என்று தவிப்பார்கள். அப்படித் தவித்த ஒரு நண்பரிடமிருந்து வந்தது இது. கறுப்பு நிறம். என் மகள் 'மிளகு' என்று பெயர் வைத்தாள். ஊரிலிருந்து அம்மா வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, "கறுப்புப் பூனையாடா கிடைச்சுது உனக்கு?" என்று கேட்டார்.

பெருமழைபோல் பனி கொட்டிய மறுநாள் இரவுகளில் மாநகராட்சி பனியை அள்ள வரும். அதற்குமுன், தெருவில் நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வண்டிகள் சைரன் ஒலித்துக்கொண்டு போகும். இந்த ஊரில் குளிர்காலத்தைக் கழித்த எவருக்கும் அந்த ஒலி தெரியும். மிளகுக்கு அது யமன். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பிவிடும். சோபாவுக்கு அடியில் பாய்ந்துவிடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு வெளியே வந்து, உடம்பை நீட்டி ஒரு முறிப்பு, தோளை நாலு நக்கு, படுக்கை. நான் காரை நகர்த்திவிட்டுத் திரும்பி வரும்போது அது தூங்கிக்கொண்டிருக்கும். நான் மூன்று மணிவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். காலையில் டெமோ இருக்கிறது, தூங்காவிட்டால் என்ன ஆகும், போன முறை என்ன ஆயிற்று, அடுத்த ஒப்பந்தம் வருமா.

இருவர் உடலிலும் சுரந்தது ஒரே சுரப்புகள்தான். அட்ரினலின் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சில நிமிடங்கள் போதும். கார்ட்டிசோல் பாதியாக ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். புதிதாகச் சுரக்காவிட்டால் விடிவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். சைரன் போன பிறகு மிளகுக்குப் புதிதாகச் சுரக்கக் காரணம் எதுவும் இல்லை. நான் நினைவிலிருந்து சைரனை மறுபடி மறுபடி ஒலிக்கவிடுகிறேன். நியூயார்க்கின் புரூஸ் மெக்கீவன் 1990களில் இதைத்தான் வகைப்படுத்தினார். அடிக்கடி பதறுவது, பழக்கப்பட்டதற்கும் பதறுவது, பதறவேண்டிய அளவுக்குப் பதற முடியாதது, பதற்றத்தை அணைக்கத் தெரியாதது என்று உடலைத் தேய்ப்பவை நான்கு. ஆலோசகர் தொழிலுக்கு நாலாவதாகச் சொன்னது நன்றாகப் பொருந்துகிறது.

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா' என்று கேலியாகச் சொல்வோம். பூலோகம் இருளாது. ஆனால் பூனை தூங்கிவிடுகிறதே.

*

பூனைக்கு அது இயல்பு, நமக்கு வருமா என்று கேட்கலாம். இதற்கான பதில் மறுபடி மாண்ட்ரியலிலிருந்தே வந்தது, மறுபடி எலிகளிடமிருந்து. மெக்கிலின் டக்ளஸ் மருத்துவமனை ஆய்வு மையத்தில் மைக்கேல் மீனியும் குழுவினரும் தாய் எலிகளைக் கவனித்தார்கள். சில தாய்கள் குட்டிகளை ஓயாமல் நக்கிக்கொடுத்தன, சில குறைவாக. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பிறகு, பதற்றச் சுரப்பு குறைவாகவும் சீக்கிரம் அணைவதாகவும் இருந்தது. 1997இல் இது 'சயன்ஸ்' இதழில் வந்தது. சுரந்தது போதும் என்று கார்ட்டிகோஸ்டீரோனை உணர்ந்து நிறுத்தும் ஏற்பிகள் அவற்றின் மூளையில் அதிகம். எளிமையாகச் சொன்னால், அவற்றின் பிரேக் நன்றாக வேலை செய்தது. அதிகம் நக்காத தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த குட்டிக்கும் அந்தப் பிரேக் கிடைத்தது.

செல்யேவின் ஊரில், செல்யேவின் பிராணியே, அறுபது ஆண்டுகள் கழித்துப் பாஸ்டன் பூனை காட்டிய மறுபாதியைச் சொல்லிவிட்டது. ஆறுதலான தொடுகை பதற்றத்தை அணைக்கிறது. அணைக்கும் திறனையும் கட்டுகிறது.

மனிதர்கள் விஷயத்தில் ஆய்வுகள் இவ்வளவு துல்லியமாக இருக்க முடியாது. இருந்தாலும் சில குறிப்பிடத்தக்கவை. 2002இல் கேரன் ஆலன் குழுவினர் 240 தம்பதிகளைச் சோதித்தார்கள். பாதிப் பேர் வீட்டில் நாயோ பூனையோ இருந்தது. மனக்கணக்குப் போடச் சொன்னார்கள். குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். பிராணி வளர்ப்பவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவாக ஏறியது, விரைவாக இறங்கியது. 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை நான்காகப் பிரித்தார்கள். ஒரு குழு பத்து நிமிடம் பூனை, நாய்களைத் தடவிக்கொடுத்தது. இன்னொன்று அதை வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தது. மூன்றாவது அவற்றின் படங்களைப் பார்த்தது. நான்காவது சும்மா காத்திருந்தது. தொட்டவர்களின் எச்சிலில்தான் கார்ட்டிசோல் குறைவாக இருந்தது. கைபேசியில் பூனை வீடியோ பார்ப்பதும் மடியில் பூனை இருப்பதும் ஒன்றல்ல.

இதை வைத்துப் பூனை ஒரு மருந்து என்று சொல்லிவிட முடியாது. பிராணி வளர்ப்பவர்கள் முன்பே அமைதியானவர்களாக இருந்திருக்கலாம். பிடிக்காதவருக்குப் பூனை புதிய தொல்லை. பூனைக்கும் பதற்றம் உண்டு. நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அந்த ஆய்வில், பெட்டி கிடைத்தவை சீக்கிரம் தெளிந்தன. பூனையும் சும்மா தெளிவதில்லை. அதற்கும் ஓரிடம் வேண்டியிருக்கிறது.

*

மாண்ட்ரியலில் மன அழுத்த ஆய்வை இன்று மக்களிடம் கொண்டுபோகிறவர் சோனியா லூப்பியன். உடல் பதறுவதற்குக் காரணமான நான்கை அவர் பிரெஞ்சில் 'சினே' என்ற சொல்லுக்குள் அடக்கிச் சொல்வார், சினிமாவின் சுருக்கம்போல: நம் கட்டுப்பாடு கைநழுவுவது, எதிர்பாராதது, புதியது, நம் தன்மதிப்பை உரசுவது. இந்த நான்கையும் ஒருசேரக் கட்டிக்கொடுப்பது எது என்று யோசித்தால் புலம்பெயர்வுதான். மொழி புதிது, பனி புதிது, விசா முடிவு யார் கையிலோ, வாங்கிய பட்டத்தை யாரும் மதிப்பதில்லை.

செல்யே 1982 அக்டோபரில் இந்த ஊரில் இறந்தார். மறு ஆண்டு ஜூலையில் கொழும்பு எரிந்தது. அதற்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களில் பலர் முதலில் குடியேறியது கோட்-டெ-நெஜ் பகுதியில். செல்யே ஆய்வு நடத்திய பல்கலைக்கழகம் நிற்கும் மலைச்சரிவுக்குக் கீழே. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்து மீட்கப்பட்ட 155 தமிழர்கள் வந்து சேர்ந்ததும் மாண்ட்ரியலுக்கும் டொராண்டோவுக்கும்தான். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர் மனங்களில் விட்ட வடுக்களைப் பற்றி 1998இல் ஒரு முழு நூலே எழுதினார். நம்மவர்கள் மனவேதனையை உடல்வலியாகவே மருத்துவரிடம் கொண்டுவருகிறார்கள் என்பது அவர் தொடர்ந்து சொல்லிவருவது. தலையிடி, நெஞ்செரிவு, கைகால் உளைவு. பயம் இரைப்பையில் தெரியும் என்ற கேனனின் திரை இதற்கும் பொருந்தும்.

எனக்கு இரவு இரண்டு மணித் தொலைபேசி என்றால் சர்வர். இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பலருக்கு அதே மணியோசை இருபத்தைந்து ஆண்டுகள் ஊர்ச்செய்தியாக இருந்தது. போர் முடிந்து, தொலைபேசியும் மாறி, ஊரில் எல்லாரும் தூங்கும் நேரத்திலும் அந்த ஓசைக்கு எழுந்து உட்காரும் உடல்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. அவர்களிடம் போய் 'டென்ஷன் ஆகாதீர்கள்' என்பது, விசையை எடுக்காமலே பொருளை மீளச் சொல்வது போன்றது.

நம் பிள்ளைகளிடம் வேறொரு சிக்கல். என் மகளுக்கு 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் பன்னிரண்டு வயதிலேயே சரளமாக வருகிறது. அவளுடைய பள்ளியில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், நல்லதுதான். ஆனால் சொல்லோடு சேர்ந்து வரவேண்டிய மறுசொல்லை நாம்தான் வீட்டில் கொடுக்கவேண்டும். நமக்கு அது பள்ளிப் பாடத்திலேயே இருந்தது. மீட்சி எல்லைக்குள் இருக்கும்வரை பொருள் திரும்பும். திரும்புவதற்கு விசை விலகவேண்டும், நேரம் வேண்டும். உயிருள்ளதாக இருந்தால் ஒளிய ஓரிடமும் தொட ஒரு கையும் வேண்டும்.

அடுத்தமுறை யாராவது நம்மிடம் வந்து "ஒரே ஸ்ட்ரெஸ்" என்று சொன்னால், எதனால் என்று கேட்பது நம் வழக்கம். கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டுப் பார்க்கலாம்: அது எப்போது இறங்குகிறது, யார் பக்கத்தில் இருக்கும்போது இறங்குகிறது? 1898இலேயே அதற்கு ஒரு பதில் அச்சில் இருக்கிறது. பயந்த பூனையைத் தடவிக்கொடுத்தார்கள். நின்றுபோன வயிறு மறுபடி வேலை செய்ய ஆரம்பித்தது.